ஒண்ணு கேக்கட்டுமாக்கா?

அவளைப் பற்றி நல்லவிதமாக எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். இரண்டு வரி எழுதுவதற்குள் எரிச்சல் வந்துவிட்டது. இருபது வருஷம் ஆகப் போகிறது. இன்னும் அவள் பேரைச் சொன்னால் எனக்கு முகம் மாறுகிறது என்று என் வீட்டுக்காரர் சொல்வார். அதனால் பேர் வேண்டாம். அனுமந்தைக்காரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆலையில் எல்லோரும் அவளை அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

மரக்காணத்துக்கும் அனுமந்தைக்கும் நடுவே, சாலையை ஒட்டி இருந்த உப்பு ஆலை அது. உப்பளத்திலிருந்து வரும் கல் உப்பைக் கழுவி, காயவைத்து, பொடியாக்கி பாக்கெட் போடுவார்கள். காயவைப்பதற்கு ஒரு பெரிய இரும்பு ட்ரம் சுற்றிக்கொண்டே இருக்கும். அதற்குள் சூடான காற்றை அனுப்ப ஓர் அடுப்பு. அந்த அடுப்புக்குத் தீனி நிலக்கரி. லாரியில் வந்து கொட்டும் கரியைச் சுத்தியலால் உடைத்து, கல் பொறுக்கி, சலித்து, இரும்புச்சட்டியில் அள்ளி அடுப்படிக்குச் சுமந்து போடுவது எங்கள் வேலை. நாங்கள் ஏழு பெண்கள். அதில் பத்தாவது பாஸ் நான் ஒருத்திதான். அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

சுனாமிக்கு மூன்று மாதம் கழித்து அவள் வேலைக்கு வந்தாள். அதுவரை மீன் கூடையைத் தலையில் வைத்துத் தெருத்தெருவாகக் கூவி விற்றவள். படகு போன நாளிலிருந்து அவள் வீட்டுக்காரர் கடல் பக்கமே போகவில்லை. வந்த முதல் நாளே, கரி லாரி டிரைவர் இறங்கி பீடி பற்றவைப்பதற்குள் அவர் எதிரே போய் நின்றாள்.

"அண்ணே, ஒண்ணு கேக்கட்டுமா?"

கேள் என்று எதிராளி சொல்லும்வரை அவள் காத்திருந்து நான் பார்த்ததில்லை.

"இந்தக் கரி எங்கருந்து வருது?"

"பூமிக்குள்ளருந்து தோண்டறாங்கம்மா."

"தோண்டித் தோண்டி தீந்துபோச்சுன்னா அங்க வேல செய்யறவங்க இன்னா பண்ணுவாங்க?"

டிரைவர் சிரித்தார். "என் பேரன் காலத்துக்கும் தீராதும்மா. நீ போயி உன் வேலையப் பாரு."

"எங்க கடல்லயும் அப்பிடித்தான் சொன்னாங்க" என்று சொல்லிவிட்டு வந்து சல்லடையை எடுத்தாள்.

அந்த லாரி ஆறு வருஷமாக எங்கள் முன்னால்தான் வந்து நிற்கிறது. எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியாது. கேட்கத் தோன்றவில்லை என்று சொன்னால் பொய். தோன்றியது. பத்தாவது படித்தவள் போய் ஒரு டிரைவரிடம் கேட்பதா என்று விட்டுவிட்டேன். இவள் வந்து ஒரு மணி நேரத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

பதிலைக் கேட்கும்போது அவளுக்கு வேறு எதுவும் ஓடாது. கையிலுள்ள சல்லடை பாதி ஆட்டத்தில் நின்றுவிடும். வாய் லேசாகத் திறந்திருக்கும். எதிராளி சொல்லி முடிக்கும்வரை அவர் முகத்திலிருந்து கண்ணை எடுக்க மாட்டாள். அப்படி ஒருத்தி நின்றால் யாருக்குத்தான் சொல்லாமல் போக மனம் வரும்? எடைமேடை கிளார்க் சொன்னார், மோட்டார் மெக்கானிக் சொன்னார், உப்பில் அயோடின் கலக்குகிற பெரியவர்கூடச் சொன்னார். கேட்டதைத் தன் சொத்தாக வைத்துக்கொள்ளவும் அவளுக்குத் தெரியாது. "மெக்கானிக் அண்ணன் சொன்னாரு" என்று சொன்னவர் பேரோடு அடுத்தவரிடம் கொடுத்துவிடுவாள். மூன்றே மாதத்தில் அந்த ஆலையில் அவளுக்குத் தெரியாதது என்று ஒன்றுமில்லை. அவளுக்கு ஒன்றும் சொல்லாதவள் நான் மட்டும்தான். என்னிடம் கேட்டால் "தெரியாது" என்பேன். தெரிந்தாலும் அப்படித்தான் சொன்னேன்.

முதலாளி வாரம் ஒருமுறை வருவார். வெள்ளைச் சட்டை, கறுகறுவென்று தலைமுடி. அவர் கார் உள்ளே வந்தால் நாங்கள் குனிந்த தலை நிமிர மாட்டோம். ஒரு நாள் கரிக்குவியல் பக்கமாக நடந்து வந்தவரை இவள் நிறுத்திவிட்டாள்.

"மொதலாளி, ஒண்ணு கேக்கட்டுமா? தலைக்கு சாயம் அடிக்கிறீங்களே, தலகாணில ஒட்டிக்காதா?"

எல்லாச் சுத்தியலும் நின்றன. மேனேஜர் முகத்தில் ஈயாடவில்லை. இன்றோடு இவள் தொலைந்தாள் என்று நினைத்தேன். நினைத்தபோது நெஞ்சுக்குள் ஜில்லென்று இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

முதலாளி விழுந்து விழுந்து சிரித்தார். "ஒட்டும்மா, நல்லாவே ஒட்டும். என் சம்சாரம் அதுக்குன்னே கறுப்புல உறை தெச்சு வச்சிருக்கறா."

அதற்குப் பிறகு காரிலிருந்து இறங்கும்போதே, "எங்கம்மா அனுமந்தைக்காரி? இன்னிக்கு என்ன கேள்வி?" என்று கேட்டுக்கொண்டுதான் வருவார். ஆறு வருஷம் கரி சுமந்த என்னைப் பார்த்து அதே வாரம், "நீ புதுசாம்மா?" என்றார். நான் "இல்லீங்க" என்று மட்டும் சொன்னேன்.

எங்களுக்கெல்லாம் துப்பினால் எச்சில் கறுப்பாக வரும். வருஷக்கணக்காக அப்படித்தான். அதை ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்ளாமல் காலால் மண்ணைத் தள்ளி மூடிவிட்டு வேலையைப் பார்ப்போம். பள்ளிக்கூடத்தில் இலவச மருத்துவ முகாம் வந்தபோது நாங்கள் இடுப்பு வலி, முட்டி வலி என்று சொல்லி மாத்திரை வாங்கிக்கொண்டு வந்தோம். இவள் டாக்டரம்மா முன்னால் கைக்குட்டையில் துப்பிக் காட்டி, "இது உள்ள போயி உக்காந்துக்குமா? எப்ப வெளிய போவும்?" என்று கேட்டிருக்கிறாள். மூக்கையும் வாயையும் ஈரத்துணியால் கட்டிக்கொண்டு வேலை செய்யச் சொன்னாராம் அந்த அம்மா. மறுநாள் இவள் தன் பழைய சேலை ஒன்றை ஏழாகக் கிழித்துக் கொண்டுவந்து எல்லோருக்கும் கொடுத்தாள்.

நான் வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டேன். மூன்று நாள் கட்டவில்லை. இவள் சொல்லி நான் என் மூக்கைக் கட்டுவதா? நான்காம் நாள் அவள் வேலைக்கு வரவில்லை. அன்றைக்குக் கட்டினேன். சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது இருமல் இல்லை. அந்தச் சுகத்தைக்கூட என்னால் முழுசாக அனுபவிக்க முடியவில்லை.

இதையெல்லாம் வீட்டில் போய்ச் சொல்வேன். குறையாகத்தான் சொல்வேன். என் வீட்டுக்காரருக்கு அளத்தில் பாத்தி வேலை. சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டுவிட்டு, "கெட்டிக்காரியா இருப்பா போலக்குது" என்பார். கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் என்னை அவர் அப்படி ஒரு நாளும் சொன்னதில்லை. அவளைப் பற்றி வீட்டில் பேசுவதையே நிறுத்திவிட்டேன். பத்து நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு அவராகவே, "உங்க அனுமந்தைக்காரி இன்னிக்கு இன்னா கேட்டா?" என்று ஆரம்பித்தார்.

அடுத்த வருஷம் மாசி மாதம், உப்பு சீசன் சூடு பிடிக்கிற சமயத்தில், ஒரு லாரி நிறையக் கண்ணாடி வந்து இறங்கியது. கூடவே இரும்பை என்கிற ஊர்ப் பக்கத்திலிருந்து சோலார் வேலை தெரிந்த ஒரு இன்ஜினியர் வந்தார். உள்ளே கறுப்பு அடித்த தகரப் பெட்டிகள், மேலே கண்ணாடி. அவற்றை ஆலைக் கூரைமேல் வரிசையாகப் பொருத்தினார்கள். வெயிலில் அந்தப் பெட்டிக்குள் இருக்கும் காற்று சூடாகும். அதை ஃபேன் வைத்து இழுத்து நேராக ட்ரம்முக்குள் விடுவார்கள். கரி வேண்டாம், புகை வேண்டாம், சாம்பல் வேண்டாம்.

முதலாளி எங்களை எல்லாம் கூப்பிட்டு நிற்கவைத்துப் பேசினார். "வெயில்ல வெளைஞ்ச உப்ப வெயில்லயே காயவெக்கப் போறேன். மழ வந்தா உப்பும் கெடையாது, மில்லும் ஓடாது. அப்பறம் எதுக்கும்மா கரி?"

கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஒரு நிமிஷம் நாங்களும் தலையாட்டினோம். இவள்தான் கேட்டாள்.

"மொதலாளி, ஒண்ணு கேக்கட்டுமா? அப்ப எங்களுக்கு இன்னா வேல?"

முதல் முறையாக அவர் அவளுக்குச் சிரிக்காமல் பதில் சொன்னார். கண்ணாடியைத் துடைக்க, சூட்டைப் பார்த்து நோட்டில் எழுத ஓர் ஆள் போதும். மற்றவர்கள் அளத்தில் உப்புச் சுமை தூக்கலாம், அவரே சொல்லிவிடுவார். அடுப்பில் கரி தள்ளுகிற ஆண்கள் இரண்டு பேரையும் வேலையை விட்டு நின்றுகொள்ளச் சொல்லியாகிவிட்டது.

உப்புச் சுமை என்றால் என்னவென்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். உப்புத்தண்ணீரில் நின்று நின்று பாதம் வெடிக்கும், வெடித்த இடத்தில் உப்பு ஏறும். எனக்கு அப்போதே முட்டி போய்விட்டிருந்தது. ஆனால் நான் முட்டியை நினைக்கவில்லை. நோட்டில் எழுதுகிற வேலை என்றாரே, அதைத்தான் நினைத்தேன். பத்தாவது பாஸ் செய்த நாளிலிருந்து பேனா பிடிக்கிற வேலைக்காகக் காத்திருந்தவள் நான். அந்த ஏழு பேரில் அது எனக்கு என்று எழுதிவைத்தது போலத்தான் இருந்தது.

"இவங்க எழுதுவாங்க சார்" என்று மேனேஜர் என்னைக் காட்டினார். முதலாளி அவளைப் பார்த்தார். "அனுமந்தைக்காரிக்கும் ஒரு சான்ஸ் குடுப்போம்யா" என்றார். அதோடு முடிந்தது என் நிம்மதி. கூரையை இரண்டாகப் பிரித்தார்கள். கிழக்குப் பாதி எனக்கு, மேற்குப் பாதி அவளுக்கு. ஒவ்வொரு பாதிக்கும் சூட்டைக் காட்ட ஒரு டயல். ஒரு மாதம் பார்ப்பது, யார் பக்கம் சூடு ஜாஸ்தியோ அவருக்கு வேலை. அவளுக்கு எண்கள் படிக்கத் தெரியும், எழுத்து தெரியாது. அதனால் இரண்டு பக்கத்துக் கணக்கையும் நான்தான் நோட்டில் எழுத வேண்டும்.

மற்ற ஐந்து பேரும் அந்த வாரமே அளத்துக்குப் போனார்கள். விவரம் தெரியாமல் கரி லாரி ஒன்று வந்து நின்றது. மேனேஜர் திருப்பி அனுப்பினார். அதே டிரைவர்தான். இவள் கூரையிலிருந்து இறங்கி ஓடிப் போய், "அண்ணே, இனிமே நீங்க இன்னா பண்ணுவீங்க?" என்று கேட்டாள். அவர் வண்டியைப் பின்னால் எடுத்தார். லாரி சாலையில் ஏறி மறையும்வரை அவள் அங்கேயே நின்றிருந்தாள்.

முதல் நான்கு நாள் இரண்டு டயலும் ஒன்றுபோல ஏறின. பிறகு என் பக்கத்து முள் தயங்க ஆரம்பித்தது. நான் காலையில் மோட்டார் போட்டு, குழாயைக் கூரைமேல் இழுத்து, கண்ணாடியெல்லாம் பளபளக்கக் கழுவிவிட்டுத்தான் இறங்குவேன். அவள் விடிவதற்குள் சாலையோரத் தெருக்குழாயில் வரிசையில் நின்று, நல்ல தண்ணீரைக் குடம் குடமாகப் பிடித்து, இடுப்பில் வைத்து இரும்பு ஏணியில் ஏற்றுவாள். பைத்தியக்காரி என்று நினைத்தேன். எங்கள் பக்கத்தில் நிலத்தடித் தண்ணீர் எல்லாமே உப்பு. பாத்திரம் கழுவ, துணி துவைக்க, குளிக்க, மாடு கழுவ எல்லாவற்றுக்கும் அதுதான். நல்ல தண்ணீர் என்றால் அது வாய்க்கு மட்டும். அதைக் கொண்டுபோய்க் கண்ணாடிக்கு ஊற்றினால் பார்த்தவர்கள் வாயில் அடித்துக்கொள்வார்கள்.

ஆறாம் நாள் அவளே என்னிடம் வந்தாள்.

"அக்கா, இன்ஜினியர் சாருகிட்ட கேட்டேன். மோட்டார் தண்ணில உப்பு இருக்குதாம். ஈரமா இருக்கறப்ப தெரியாதாம், காஞ்சதும் கண்ணாடில வெள்ளையா பூத்துக்குமாம். சூடு உள்ள எறங்காதாம். நல்ல தண்ணிதான் ஊத்தணுமாம். நான் கொண்டாந்ததுல ரெண்டு கொடம் எடுத்துக்கோங்க."

"குடிக்கிற தண்ணியக் கண்ணாடிக்கு ஊத்தறதா? நாங்க அப்பிடி வளரல" என்றேன்.

"அவருதாங்க்கா சொன்னாரு."

"எனக்கு யாரும் சொல்லித் தரவேண்டாம்."

அன்று மத்தியானம் யாரும் இல்லாதபோது என் பக்கத்துக் கண்ணாடியை விரலால் தடவிப் பார்த்தேன். வெள்ளையாக ஒட்டியது. நாக்கில் வைத்தேன். உப்பு. ஒரு குடம் நல்ல தண்ணீர் போதும், அடுத்த நாளே என் முள்ளும் ஏறியிருக்கும். என்னால் முடியவில்லை. அவள் சொல்லித் திருத்திக்கொண்டேன் என்று ஆகிவிடுமே என்றுதான் மறுபடி மறுபடி தோன்றியது. மறுநாளும் மோட்டார் தண்ணீரையே ஊற்றினேன். அவள் பக்கம் அறுபத்தெட்டு வரை போனது. என் பக்கம் ஐம்பத்தைந்தைத் தாண்டவில்லை.

இரண்டாவது வாரக் கடைசியில் ஒரு புது நோட்டு வாங்கினேன். பழைய நோட்டில் கரிக்கறை பட்டுவிட்டது என்று மேனேஜரிடம் சொன்னேன். படத்தான் செய்திருந்தது. முதல் நாளிலிருந்து எல்லா எண்களையும் அழகான கையெழுத்தில் புது நோட்டில் எடுத்து எழுதினேன். ஓர் எண்ணைக்கூட மாற்றவில்லை. தலைப்பை மட்டும் மாற்றினேன். அவள் பக்கத்து எண்களுக்கு மேலே 'கிழக்கு' என்று போட்டேன். என் பக்கத்து எண்களுக்கு மேலே 'மேற்கு' என்று போட்டேன். பழைய நோட்டு டீ போடும் அடுப்பில் போய்விட்டது.

அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் அவள் என் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்ப்பாள்.

"எம் பக்கம் அறுவத்தெட்டு போட்டீங்களாக்கா?"

நான் விரலை வைத்துக் காட்டுவேன். "இதோ. அறுபத்தெட்டு."

"போட்டிருக்குது" என்று தலையாட்டிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போவாள். அவள் என்னை நம்பினாள். அதுவும் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

மாதக் கடைசிக்கு முந்தின சாயங்காலம், அவள் வீட்டுக்குப் போன பிறகு, ஆபீஸில் குடிக்க வைத்திருந்த டிரம்மிலிருந்து நல்ல தண்ணீரை எடுத்து என் பக்கத்துக் கண்ணாடியை மூன்று தடவை கழுவினேன். மறுநாள் முதலாளியும் மேனேஜரும் கூரைமேல் ஏறிவந்தபோது இரண்டு பக்கமும் ஒன்றுபோல மின்னின. மேனேஜர் நோட்டைப் புரட்டினார்.

"கிழக்குதான் சார் நல்லா வந்திருக்குது. மேற்கு ரொம்பக் கம்மி."

முதலாளிக்கு ஏமாற்றம், முகத்தில் தெரிந்தது. என்னைப் பார்த்து, "எப்படிம்மா பண்ண?" என்றார்.

"நல்ல தண்ணில தொடச்சேன் மொதலாளி. மோட்டார் தண்ணி ஊத்துனா கண்ணாடில உப்பு பூத்துக்கும்."

"பரவால்லியே. கெட்டிக்காரிதான்."

இத்தனை வருஷம் ஏங்கின சொல். என் காதில் விழுந்தது, உள்ளே இறங்கவில்லை.

"இல்லீங்க மொதலாளி" என்று அவள் முன்னால் வந்தாள். "எம் பக்கம்தான் சூடு ஜாஸ்தி. தெனம் நான் டயல பாத்தேன்." நோட்டை வாங்கி எண்களின்மேல் விரலை வைத்தாள். "இதோ, அறுவத்தெட்டு. இது என்னுது."

"அதுக்கு மேல கிழக்குன்னு போட்டிருக்குதேம்மா. நீ மேற்கு" என்றார் மேனேஜர்.

அவள் விரல் மெல்ல மேலே ஏறி அந்த எழுத்தில் போய் நின்றது. பிறகு என்னைப் பார்த்தாள். மூன்று பேரும் என்னைத்தான் பார்த்தார்கள். அப்போதாவது நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

"அவளுக்குப் படிக்கத் தெரியாது மொதலாளி" என்றேன்.

முதலாளி "அதான் பாத்தேன்" என்று சொல்லி அவள் முதுகில் தட்டினார். அளத்தில் அவளுக்கு நல்ல இடமாகப் பார்த்துச் சொல்கிறேன் என்றார். அவள் குடங்களை எடுத்துக்கொண்டு ஏணியில் இறங்கினாள்.

மறுநாள் காலை நான் வேலைக்கு வரும்போது கேட்டுக்கு வெளியே நின்றிருந்தாள். ஒரு கரித்துண்டைக் கையில் வைத்திருந்தாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கட்டுமா? கிழக்குன்னு எப்பிடி எழுதறது?"

"எதுக்கு இப்ப?"

"கத்துக்கலாம்னுதான். கையில எழுதுங்க, இல்லன்னா மறந்துடும்." முன்கையை நீட்டினாள்.

கிழக்கு என்று எழுதினால் நேற்று விரல் வைத்த எழுத்து அதுதான் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். அது எவ்வளவு முட்டாள்தனமான கணக்கு என்று இன்றைக்குப் புரிகிறது. அவளுக்கு ஏற்கெனவே எல்லாம் தெரிந்திருந்தது. ஆனால் அந்த நேரத்தில் என் மூளைக்கு எட்டியது அவ்வளவுதான். கரியை வாங்கி, அவள் கையில் 'மேற்கு' என்று எழுதினேன்.

அவள் அதைப் பார்த்தாள். நேராகச் சாலையைக் கடந்து எதிரே இருந்த டீக்கடைக்குப் போனாள். கடைக்காரரிடம் கையை நீட்டினாள். அவர் கிளாஸைக் கழுவிக்கொண்டே எட்டிப் பார்த்து ஏதோ சொன்னார். அவள் திரும்பி வந்தாள். நான் ஓடியிருக்கலாம்.

"மேற்குன்னு சொல்றாரு."

கையிலிருந்த கரித்துண்டைக் கீழே போட்டேன்.

"மேனேஜர்கிட்ட போயி கேக்க எனக்கு பயமில்லக்கா. மொதல்ல ஒங்ககிட்ட கேக்கறேன். எதுக்குக்கா? நான் ஒங்கள இன்னா பண்ணேன்?"

கோபமாகக் கேட்டிருந்தால் நானும் கத்தியிருப்பேன். எல்லோரிடமும் கேட்பதைப் போலத்தான் கேட்டாள். வாய் லேசாகத் திறந்திருந்தது, கண் என் முகத்தில் நின்றது. பதில் தெரிய வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு. பதில் எனக்குத் தெரியும். பொறாமை. நீ கேட்கிறாய், நான் கேட்கவில்லை. உனக்கு எல்லோரும் சொல்கிறார்கள். என் வீட்டுக்காரர்கூட உன்னைத்தான் விசாரிக்கிறார். இதை எந்த வாயால் சொல்வது?

"கண்ணாடி தொடைக்கணும். நேரமாச்சு" என்றேன்.

"சரி. அப்பறமா சொல்லுங்க" என்றாள்.

மேனேஜரிடம் அவள் போகவில்லை. அன்றைக்கும் போகவில்லை, அடுத்த வாரமும் போகவில்லை. ஒவ்வொரு நாளும் கேட் பக்கம் பார்த்துக்கொண்டே கூரையில் வேலை செய்தேன். அளத்துக்கும் அவள் போகவில்லை, மறுபடி மீன் கூடை எடுத்துவிட்டாள் என்று கேள்விப்பட்டேன். விடிவதற்குள் தெருக்குழாயில் நின்று நல்ல தண்ணீர் பிடித்து, இடுப்பில் வைத்து, போன முட்டியோடு ஏணியில் ஏறினேன். இரண்டு பக்கமும் என்னுடையதாக இருந்தது. நோட்டில் கிழக்கு, மேற்கு என்று எழுதும்போது மட்டும் ஒவ்வொரு முறையும் ஒரு நிமிஷம் கை நின்றுவிடும்.

அந்த வருஷம் ஐப்பசியில் மழை பிடித்து ஆலை மூடியிருந்தது. மளிகை வாங்க மரக்காணம் போனவள் பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தேன். எதிர்ப்பக்கம் அவள். கூடை காலியாகி இடுப்பில் இருந்தது. புதுச் சேலை, என்னுடையதைவிட நல்ல சேலை. அந்த நேரத்திலும் அதைத்தான் முதலில் பார்த்தேன். அவளைச் சுற்றி நான்கு பேர் நின்று சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். கண்டக்டர் ஒருவரிடம் என்னவோ கேட்டுக்கொண்டிருந்தவள் பாதியில் திரும்பினாள். என்னைப் பார்த்துவிட்டாள். கூடையைக் கீழே வைத்தாள். மழைத் தண்ணீரைத் தாண்டிக்கொண்டு என்னை நோக்கி வர ஆரம்பித்தாள்.

முகத்தில் கோபம் இல்லை. கேட்க வருகிற முகம்தான்.

என் முன்னால் ஒரு பஸ் வந்து நின்றது. ஏறி, உள்ளே போய், அந்தப் பக்கம் பார்க்காமல் உட்கார்ந்துகொண்டேன். பஸ் கிளம்பி ஊர் எல்லை தாண்டிய பிறகு கண்டக்டர் டிக்கெட் கேட்டு வந்தார்.

"எங்கம்மா போகணும்?"

"கீழ்புத்துப்பட்டு" என்று என் ஊர்ப் பேரைச் சொன்னேன்.

"போர்டைப் படிக்கலியாம்மா? இது திண்டிவனம் போற வண்டி" என்றார் அவர்.